தலை வைத்த நாற்காலி

1

சென்ற வியாழக்கிழமை என் அலுவலகத்தில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். டென்மார்க்கில் ஓர்ஹூஸ் என்கிற ஊரில், உருக்கிய இரும்பை வடிகட்டுகிற பீங்கான் சல்லடை செய்யும் கம்பெனி எங்களுடையது. அதில் நான் சேர்ந்து பத்து வருஷம் ஆகிவிட்டதாம். இந்த நாட்டில் பிறந்தநாள், வேலையில் சேர்ந்த நாள், புதுப் பல் கட்டிய நாள் எல்லாவற்றுக்கும் கேக்தான். எங்கள் மேலாளர் ஹென்ரிக், கேக்கின் மேல் குத்தியிருந்த குட்டிக் காகிதக் கொடியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "நம் கம்பெனியில் முதுகுவலி குறைந்ததற்கு இவர்தான் காரணம். நாற்காலி தேர்ந்தெடுப்பதில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது" என்று பேசினார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயில் கேக் வேறு. புரையேறி, இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, பார்க்கச் சகிக்கவில்லை. பக்கத்து மேஜைக்காரி நான் நெகிழ்ந்துபோய் அழுகிறேன் என்று நினைத்துத் தோளைத் தடவிக் கொடுத்தாள். அழவெல்லாம் இல்லை. விருத்தாசலத்தில் என் அண்ணியின் அலுவலகத்துக்கு நான் நாற்காலி தேர்ந்தெடுத்துக் கொடுத்த லட்சணம் அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்து தொலைத்தது. அதை இவர்களிடம் சொன்னால் விளங்காது. உங்களிடம் சொன்னால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள், அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

விருத்தாசலம் என்றதும் எல்லாரும் கோயிலைச் சொல்வார்கள். நான் தொழிற்பேட்டைப் பக்கம் வளர்ந்தவள். பெயர் மட்டும்தான் கோயிலுக்குச் சொந்தம், பெரியநாயகி. மற்றபடி எனக்குத் தெரிந்ததெல்லாம் பீங்கான்தான். ஃப்யூஸ் கட்டை, பொம்மை, கக்கூஸ் கோப்பை. எங்கள் அண்ணனின் பட்டறையில் இந்த மூன்றும் உண்டு. வெளியூர் வியாபாரி யாராவது வந்து தரத்தைப் பற்றி இழுத்துப் பேசினால், "உக்கார்றதப் பத்தி எங்களுக்குச் சொல்லித் தரீங்களா? பாதி ஊரு எங்க கோப்பை மேலதாங்க குந்துது" என்பார். அந்த வம்சத்தில் வந்தவளிடம்தான் ஹென்ரிக் நாற்காலியைப் பற்றிப் பேசுகிறார்.

2

பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த அலுவலகத்தில் நான் நுழைந்த முதல் நாளைக் கேளுங்கள். கதவைத் திறந்தால் அறையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நிற்கிறார்கள். நாற்காலிகள் எல்லாம் காலியாகக் கிடக்கின்றன. யாரோ பெரிய முதலாளி வரப்போகிறார் என்று நினைத்து நானும் என் மேஜைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று, யாரும் வரவில்லை. நின்றபடியே கணினியைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். யாராவது செத்துப்போய் மௌன அஞ்சலியோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. மத்தியானம்தான் ஒருத்தி ஒரு பொத்தானை அழுத்த, அவள் மேஜை தானாகக் கீழே இறங்கியது, அவளும் உட்கார்ந்தாள். நின்று வேலை பார்த்தால் இடுப்புக்கு நல்லது என்று ஏற்றி இறக்குகிற மேஜையாம். அதுவரை நான் இல்லாத முதலாளிக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இங்கே ஒவ்வொரு அலுவலகத்திலும் வேலை செய்கிறவர்களே தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். வெளிச்சம், சத்தம், மேஜை, நாற்காலி, மனக்கஷ்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. அந்தப் பதவியின் டேனிஷ் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கையில் இருக்கும் காபி ஆறிவிடும். யார் நிற்கிறீர்கள் என்று கேட்டபோது எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். எனக்கு டேனிஷ் அப்போது அரைகுறை. கேள்வி முழுசாக விளங்காமல், மரியாதைக்குத் தலையை ஆட்டி வைத்தேன். ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

எனக்குப் பாடம் எடுக்க கிர்ஸ்டன் என்று ஒரு நிபுணர் வந்தார். யார் எப்படி உட்கார வேண்டும் என்பதுதான் அவருடைய தொழில். என் மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "உங்கள் பாதங்கள் எங்கே?" என்றார்.

"எனக்குக் கீழேதான் இருக்கின்றன" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நாற்காலி மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார்ந்தால்தான் எனக்கு மூளை ஓடும். கிர்ஸ்டன் என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதினார். அதன் பலனாக எனக்கு ஒரு கால்மணை தருவதாக முடிவாயிற்று. ஒரு கால்மணைக்கு ஒரு விண்ணப்பம், ஒரு அளவெடுப்பு, ஒரு ஒப்புதல், அப்புறம் அந்த ஒப்புதலுக்கு ஒரு ஒப்புதல். தாலுகா ஆபீஸில் வருமானச் சான்றிதழ் வாங்கி வளர்ந்த எனக்கே மலைப்பாக இருந்தது. என்ன, இங்கே எல்லாரும் சிரித்துக்கொண்டே அலைய விடுகிறார்கள்.

ஆனால் கிர்ஸ்டனிடம் நிறையக் கற்றுக்கொண்டேன், அதை மறைக்க மாட்டேன். இடுப்பு பின்னால் ஒட்டியிருக்க வேண்டும், கை தாங்கியிருக்க வேண்டும், தலைக்கு ஒரு சாய்மானம் இருந்தால் கழுத்து பிழைக்கும். நாற்காலி சரியாக இருந்தால் ஆள் வேலையில் நிலைப்பார், வேலையும் ஓடும். எங்கள் அலுவலகத்தில் ஹென்ரிக்கின் நாற்காலியும், என் நாற்காலியும், சாயங்காலம் தரை துடைக்க வருகிற அம்மாளின் நாற்காலியும் ஒரே மாதிரிதான். இரண்டு மூன்று வருஷத்தில் நான் ஆளைப் பார்த்ததும் அளவு சொல்லத் தொடங்கிவிட்டேன். வித்தை கையில் வந்துவிட்டால் சும்மா இருக்க முடியுமா? ஊருக்கு உபதேசம் பண்ணக் கிளம்பினேன்.

3

என் அண்ணி சுகந்தி எங்கள் வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இன்றைக்கு நரை விழுந்தும் அவருக்கு நான் 'பாப்பா'தான். எம்.காம் படித்தவர். படிப்பை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சோறு கட்டிக் கொடுப்பதும் விருந்தாளிக்குக் காபி போடுவதுமாகவே இருபது வருஷத்தை ஓட்டினார். பிள்ளைகள் கல்லூரி விடுதிக்குப் போனதும் ஒருநாள் திடீரென்று, பட்டறைக்கு மேலே காலியாகக் கிடந்த மாடியில் கம்ப்யூட்டர் போட்டு ஆபீஸ் தொடங்கப் போகிறேன் என்றார். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஆஸ்பத்திரிக் கணக்குகளைக் கணினியில் ஏற்றித் தருகிற வேலை. பெண்ணாடம், வேப்பூர், ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து டிகிரி முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த பத்துப் பெண்கள் பஸ்ஸு பிடித்து வந்தார்கள்.

நாலே மாதத்தில் மூன்று பெண்கள் நின்றுவிட்டார்கள். இடுப்பு வலி, கழுத்து வலி. மாடியில் இருந்ததெல்லாம் கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் சேர். வேறு ஆட்களைப் பிடித்துப் போட்டு வேலை பழக்குவதற்குள் சென்னைக் கம்பெனி முகம் சுளித்தது. அண்ணனும் அதற்காகவே காத்திருந்த மாதிரி, "தை வரைக்கும் பாரு சுகந்தி. பொண்ணுங்க நெலைக்கலன்னா மாடியக் குடுத்துடு. எனக்கு அட்டப்பெட்டி அடுக்க எடமில்ல" என்று சொல்லிவிட்டார். அண்ணன் கெட்டவர் இல்லை. அவருக்கு அது காலி இடம், அவ்வளவுதான். அண்ணிக்கோ அது போனால் மறுபடி சமையற்கட்டுதான்.

இதை அண்ணி என்னிடம் யோசனை கேட்டுச் சொல்லவில்லை, சும்மா பேச்சுவாக்கில் சொன்னார். நான் விடுவேனா? நாத்தனாராகப் பிறந்துவிட்டு யோசனை சொல்லாமல் இருந்தால் பாவம் வந்து சேரும். வீடியோவில் மாடியைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு பெண்ணையும் உட்காரச் சொல்லிப் பக்கவாட்டில் பார்த்தேன். கிர்ஸ்டன் மாதிரியே 'ம்ம்' என்றேன். கடைசியில், வலைத்துணி முதுகு, கை வைக்கிற இடம், கழுத்துக்குச் சாய்மானம், ஏற்றி இறக்குகிற கம்பி, ஐந்து சக்கரம் என்று ஒரு நாற்காலியைப் பொறுக்கி எடுத்து, எல்லாருக்கும் இதே மாதிரி வாங்குங்கள் என்றேன்.

"எல்லாத்துக்குமா? தலை வெச்சதா?" என்றார் அண்ணி.

"எல்லாருக்கும்தான் அண்ணி. இங்க மேனேஜருக்கும் கூட்டுறவங்களுக்கும் ஒரே சேர்தான்."

"அப்படியா!" என்றார். அந்த 'அப்படியா'வில் இருந்த சந்தேகத்தை ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த என் காது பிடிக்கவில்லை.

நாற்காலிகள் சென்னையிலிருந்து லாரியில் வந்து இறங்கின. அன்றைக்கே பூஜை. ஒவ்வொரு நாற்காலியின் நெற்றியிலும், அதாவது தலை வைக்கிற இடத்தில், சந்தனம் குங்குமம். சக்கரம் இருக்கிறதே, சும்மா விடலாமா? எலுமிச்சம்பழம்.

"பாப்பா, காருக்கு நாலு பழம் வெப்போம். இதுக்கு அஞ்சு சக்கரமா இருக்குது. நாலு வெச்சாப் போதுமா, அஞ்சும் வெக்கணுமா?" என்று போனில் கேட்டார்.

"அஞ்சாவது சக்கரம் என்ன பாவம் பண்ணுச்சு, அதுக்கும் வெச்சிடுங்க" என்றேன். வைத்தார்கள். ஒரு பெண் நாற்காலியில் உட்கார, இன்னொருத்தி பின்னாலிருந்து தள்ள, பழம் நசுங்கி மாடி முழுக்கச் சாறு. இரண்டு நாளைக்கு நடந்தால் செருப்பு ஒட்டியதாம். பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க வைக்கத்தான் எனக்கு வாய் வலித்துவிட்டது. "அழுக்காயிடும் பாப்பா" என்று அண்ணி கெஞ்சினார். கிழித்தால்தான் காற்றோட்டம் என்று அதட்டிக் கிழிக்க வைத்தேன்.

4

ஒரு மாதம் போயிற்று. முதுகுவலி குறையவில்லை, அதிகமாகிவிட்டது. ஸ்ரீமுஷ்ணத்துப் பெண் ஒருத்தி, "கழுத்தத் திருப்ப முடியல மேடம்" என்று அழுதுவிட்டு நின்றுவிட்டாள். முன்பு சாயங்காலம்தான் வலி என்றவர்கள் இப்போது மத்தியானத்துக்கே இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார்களாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அண்ணி என்னைக் குறை சொல்லவில்லை. "ஒருவேள எங்க பொண்ணுங்களுக்குத்தான் இதெல்லாம் ஒத்துக்கல போல" என்றார். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. திட்டியிருந்தால் தேவலை.

டேனிஷ்காரன் எதற்கும் ஒரு கேள்வித்தாள் வைத்திருப்பான், பெயர் எழுதாமல் பதில் சொல்லலாம். அதையும் செய்து பார்ப்போம் என்று என் மகள் யாழினியிடம் கொடுத்தேன். அவளுக்குப் பதினாறு வயசு. வீட்டுக்குள் நுழைந்ததும் சோபாவில் எலும்பே இல்லாத மாதிரி சரிவாள். நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்வாள். அவளிடம், "மரியாதையாகத் தமிழில் போடு" என்றேன். அவள் போனையே கேட்டு மொழிபெயர்த்துவிட்டாள். நான் சரிபார்க்காமல் அனுப்பித் தொலைத்தேன். முதல் கேள்வி இப்படி இருந்தது: "உன் முதலாளியிடம் உனக்குப் பிடிக்காதது எது? அஞ்சாதே, சொல்."

ஐயோ, போலீஸ் விசாரணை தோற்றுப்போகும். பெண்கள் நடுங்கிப்போயிருக்கிறார்கள். எல்லாக் கேள்விக்கும், எல்லாரும் ஒரே பதில்: "எல்லாம் நல்லா இருக்குதுங்க மேடம்." வேலையை விட்டுப் போனவளுக்கும் யாழினி அனுப்பியிருந்தாள். அவளும் நல்லா இருக்குதுங்க மேடம் என்றே எழுதியிருந்தாள்.

"அம்மா, எல்லாரும் சந்தோஷமாதானே இருக்காங்க? அப்புறம் என்ன பிரச்சனை?" என்றாள் யாழினி. அதிசயமாகத் தமிழில் கேட்டாள். ஆனால் நம் ஊரில் 'நல்லா இருக்குது' என்றால் அதில் நல்லது இல்லாமலும் இருக்கலாம் என்று அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது? எனக்கே மறந்துபோயிருந்தது. மார்கழியில் லீவு போட்டுவிட்டு நானே ஊருக்குக் கிளம்பினேன். அவள் பரீட்சை என்று சொல்லி அப்பாவுடன் இங்கேயே இருந்துகொண்டாள்.

5

மாடிப்படி ஏறியதும் கண்ட காட்சியை என்னால் சீரணிக்க முடியவில்லை. உசத்தியான நாற்காலிகள் வரிசையாக நிற்கின்றன. பெண்கள் அவற்றின் நுனியில், நாலு விரல் இடத்தில், முள் மேல் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே ஒரு தலையணை வைக்கலாம். கை வைக்கிற இடத்தில் துப்பட்டா தொங்குகிறது. கழுத்துச் சாய்மானத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் உறையைத் திரும்ப மாட்டிவிட்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் எதிரே, ரோஸ் நிறப் பழைய பிளாஸ்டிக் சேரில், அண்ணி. அதற்கு ஒரு கால் குட்டை, உடைந்த ஃப்யூஸ் கட்டையை முட்டுக்கொடுத்திருந்தார்.

"சாஞ்சி உக்காருங்கம்மா" என்றேன்.

"இருக்கட்டுங்க அக்கா" என்றார்கள் கோரஸாக.

பக்கத்தில் போய்க் கம்பியை இழுத்து உயரத்தைச் சரிசெய்து, ஒருத்தியின் தோளைப் பிடித்துப் பின்னால் சாய்த்தேன். கையை எடுத்ததும் நிமிர்ந்துகொண்டாள். என்ன செய்தாலும் அதே கதைதான். டென்மார்க்கில் கற்ற வித்தை மொத்தமும் மாடியில் சந்தி சிரித்தது.

பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. பின்கட்டில் குக்கர் விசில் அடித்தது. அண்ணி, "பருப்பு கொழஞ்சிடப் போவுது, தோ வந்துடறேன்" என்று கீழே இறங்கினார். நான் ஜன்னல் ஓரம் போனில் பேசுகிற பாவனையில் நின்றிருந்தேன். அண்ணியின் காலடி ஓசை கடைசிப் படியைத் தாண்டியதுதான் தாமதம். பெண்கள் அத்தனை பேரும் அப்பாடா என்று பின்னால் சாய்ந்தார்கள். ஒருத்தி காலைத் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டாள் (என் ஜாதி!). இன்னொருத்தி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். வேலையும் நிற்கவில்லை. விரல்கள் சடசடவென்று ஓடின, சிரிப்பும் பேச்சுமாய் மாடியே மாறிப்போயிற்று. படியில் மறுபடி காலடி கேட்டது. அத்தனை முதுகும் நிமிர்ந்தன. அத்தனை பேரும் நுனிக்கு வந்தார்கள்.

சாயங்காலம் பெண்ணாடத்துக் கலைச்செல்வி பஸ்ஸுக்குக் கிளம்பியபோது நானும் கூடவே நடந்தேன். அவள் வாயாடி, ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள்.

"ஏன்டி, அண்ணி இல்லாதப்ப மட்டும் சாயறீங்க? அவங்க என்ன கடிச்சிடுவாங்களா?"

"ஐயையோ, மேடம் தங்கமானவங்கக்கா. அதனாலதான் சாய முடியல. அவங்க ரோஸு சேர்ல உக்காந்திருக்காங்க. நாங்க தலை வெச்ச சேர்ல சாஞ்சிக்கிட்டு அவங்களையே பாத்தா எப்பிடி இருக்கும்? பாக்கறவங்க கொழுப்பெடுத்தவளுங்கன்னு சொல்ல மாட்டாங்களா? முன்னாடி எல்லாருக்கும் பிளாஸ்டிக். அப்பக்கூட சாஞ்சிக்குவோம்."

"இத அந்தக் கேள்வித்தாள்ல எழுதியிருக்கலாமில்ல?"

"மேடத்துக்கு நல்ல சேரு இல்லன்னு நாங்க எப்பிடிக்கா எழுதறது? அவங்களே வாங்கிக்கலன்னா அது அவங்க இஷ்டம். எழுதுனா அதிகப்பிரசங்கித்தனம்." பஸ்ஸு வந்துவிட்டது. படியில் கால் வைத்தவள் திரும்பி, "எங்கூட்ல இந்த மாசத்தோட நின்னுடச் சொல்றாங்கக்கா. ராத்திரி முதுகுக்குத் தைலம் தேச்சித் தேச்சி எங்கம்மாவுக்குக் கை போயிடுச்சாம். எனக்கு நிக்க இஷ்டமில்ல" என்றாள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் என் மேலேயே கோபம் கோபமாக வந்தது. முதலாளி வருகிறார் என்று நினைத்து அரைப் பகல் நின்றவள் நான். இந்தப் பெண்கள் எப்படி உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே!

6

அண்ணி பின்கட்டில் நின்றபடியே தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்த நினைவே இல்லை. அதுவும் அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

"பத்து சேர் வாங்குனீங்களே, உங்களுக்கு ஏன் வாங்கல?" என்றேன்.

"எனக்கு எதுக்கு பாப்பா? நான் ஒரு எடத்துல எங்க உக்காரப் போறேன்? கீழ ஒரு காலு, மேல ஒரு காலு."

"பொய் சொல்லாதீங்க. காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் அந்த நொண்டிச் சேர்லதான் உக்காந்திருக்கீங்க."

அண்ணி மோர் ஊற்றிக்கொண்டார். "ஆர்டர் போடறப்ப எத்தினின்னு கேட்டாங்க. பத்துன்னேன். பதினொண்ணுன்னு சொல்ல வாய் வரல" என்றார். "அதில்லாம உங்கண்ணன் மாடிக்கு வருவாரு. மொதலாளி வந்தா பட்டறையில எல்லாரும் எந்திரிப்பாங்க. நான் மட்டும் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்? சக்கரம் வெச்ச சேர்ல உக்காந்துட்டு எந்திரிச்சா அது ஒரு பக்கம் ஓடும், நான் ஒரு பக்கம் நிப்பேன். அசிங்கமா இருக்கும் பாப்பா."

என் கல்யாணத்துக்கு நகை எடுக்கும்போது எனக்காக அண்ணனோடு சண்டை போட்டவர் இவர். எனக்காக வாய் திறந்தவருக்குத் தனக்கு ஒரு நாற்காலி கேட்க வாய் வரவில்லை என்கிறார். அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று, எனக்குக் கைவந்த கலையை எடுத்தேன்.

"அண்ணி, டென்மார்க்ல ஒரு சட்டம் இருக்குது. ஆளு நின்னுபோன சேரை மொதலாளி ஒரு வாரம் உக்காந்து பரிசோதிக்கணும். இல்லாட்டி அபராதம்."

"நீ பொய் சொன்னா மூக்கு வெடைக்குது. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

"சரி, உண்மையே சொல்றேன். நீங்க சாயாத வரைக்கும் அந்தப் பொண்ணுங்க சாயாதுங்க. நீங்க இல்லாதப்ப எல்லாம் சாஞ்சிக்கிட்டு ஜோரா வேலை பாக்குதுங்க, என் கண்ணால பாத்தேன். கலைச்செல்வியும் இந்த மாசத்தோட நிக்கப் போறா. தையில அண்ணன் மாடிய அளக்க டேப்பு எடுத்துக்கிட்டு வருவாரு. அப்ப நீங்க மரியாதையா எந்திரிச்சி நின்னு அட்டப்பெட்டிக்கு வழி வுடுங்க."

கையில் இருந்த தட்டை அண்ணி கழுவப் போட்டார். போட்ட சத்தம் பட்டறை வரைக்கும் கேட்டிருக்கும். "வாய்க்கொழுப்பு, டென்மார்க் போயும் கொறையல" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை நான் மாடிக்குப் போனபோது ஸ்ரீமுஷ்ணத்துப் பெண் விட்டுப்போன நாற்காலியை அண்ணி தன் மேஜைக்கு இழுத்துப் போட்டிருந்தார். அதில் உட்கார்ந்தும் இருந்தார். எப்படி? நுனியில், நாலு விரல் இடத்தில். பெண்களும் நுனியில். நல்ல கூத்து! இப்போது அண்ணியோடு சேர்த்துப் பத்துப் பேருக்கு முதுகு வலிக்கப் போகிறது. கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், பின்னால் சாயும்படி கையால் சைகை செய்தேன். அண்ணி என்னைப் பார்க்காத மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார். கையில் டேப். தைக்குக்கூடப் பொறுக்கவில்லை, அளந்து வைத்துக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டார். பெண்கள் ஒட்டுமொத்தமாக எழுந்து நின்றார்கள். அண்ணியின் கை மேஜையில் ஊன்றியது. பாதி எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் நகர்ந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொள்ளப் போனேன்.

அண்ணி நின்றுகொண்டிருந்த பெண்களை ஒருமுறை பார்த்தார். கலைச்செல்வி ஒரு கையை இடுப்பில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி கையை நீட்டி நாற்காலியை முன்னால் இழுத்து, மறுபடி உட்கார்ந்தார். முதுகை நன்றாகப் பின்னால் சாய்த்தார். தலையையும் வைத்தார்.

"எதுக்கு எல்லாரும் எந்திரிச்சீங்க? உக்காருங்க. வேலையப் பாருங்க" என்றார்.

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். கலைச்செல்விதான் முதலில் உட்கார்ந்தாள். அப்புறம் வரிசையாக எல்லா நாற்காலியும் கிறீச் கிறீச்சென்று பின்னால் சாய்ந்தன.

அண்ணன் வாசலிலேயே நின்றார். "இல்ல, மாடிய அளக்கலாம்னு..." என்று இழுத்தார்.

"வேலை நேரங்க. ஆறு மணிக்கு மேல வாங்க, அளந்துக்கலாம். இப்ப நிக்காதீங்க, உக்காருங்க" என்று அண்ணி ரோஸ் சேரைக் காட்டினார். வேறு இருக்கை இல்லை. அண்ணன் உட்கார்ந்தார். அது ஒரு பக்கம் ஆடியது. அசையாமல் உட்கார்ந்து, விரல்கள் ஓடுகிற வேகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் டேப்பைச் சுருட்டி சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"டீ குடிச்சிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார் அண்ணி. இதோ, டீ போட எழுந்து ஓடப்போகிறார்.

"குடிக்கலாமே" என்றார் அண்ணன்.

"அப்ப கீழ போறப்ப கடையில சொல்லிடுங்க. எங்க எல்லாத்துக்கும் சேத்து."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். படியில் இறங்கிப் போனார். பாதிப் படி இறங்கியிருப்பார், "எனக்கு மட்டும் சக்கர கம்மியா சொல்லுங்க!" என்று அண்ணி குரல் கொடுத்தார், எழுந்திருக்காமலேயே.